மேக்ஃபைலில் ஒரு மைனஸ் எஸ்

ஏஆர்எம் ப்ராசஸர் உள்ள போர்டுகளுக்கு மென்பொருள் கட்டத் தொடங்கிய முதல் வருடம் அது. போர்டின் சேமிப்பிடமான ஃப்ளாஷ் மொத்தமே 16 எம்பி. ஒரு பழைய திறந்த மூல டூலை க்ராஸ் கம்பைல் செய்தேன், அதாவது போர்டில் ஓடவேண்டிய பைனரியை என் மெஷினில் கட்டினேன். ஒரு வார்னிங்கூட இல்லாமல் முடிந்தது. கட்டியதை உரிய இடத்தில் நகலெடுக்க மேக் இன்ஸ்டால் கொடுத்ததும் கவிழ்ந்தது. இந்தக் கோப்பு என்ன வகையென்றே தெரியவில்லை என்று, பைனரியில் தேவையற்றதை உரித்துச் சிறிதாக்கும் ஸ்ட்ரிப் என்ற கருவி கைவிரித்துவிட்டது.

பைனரியே கெட்டுவிட்டதோ என்று டூல்செயினை (கம்பைலர், லிங்கர் முதலான கருவித்தொகுப்பு) மாற்றி, ஃப்ளாகுகளை மாற்றி மதியம்வரை அலைந்தேன். பைனரியில் ஒரு குறையும் இல்லை. பில்ட் கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில் இன்ஸ்டால் கட்டளைக்குப் பக்கத்தில் ஒரு மைனஸ் எஸ் இருந்தது. நகலெடுக்கும் கையோடு சிம்பல்களையும் (ஃபங்ஷன் பெயர் போன்ற தகவல்கள்) உரித்துவிடு என்று அதற்கு அர்த்தம். உரிப்பதற்கு அது கூப்பிட்டது என் மெஷினின் ஸ்ட்ரிப்பை. என் மெஷினின் எக்ஸ்86 ப்ராசஸர் வகை மட்டுமே தெரிந்த அதனிடம் ஏஆர்எம் பைனரியை நீட்டினால் முழிக்கத்தானே செய்யும்?

ஸ்ட்ரிப்ப்ராக் என்ற மாறியில் சரியான ஸ்ட்ரிப்பின் பெயரைக் கொடு என்றார் ஒரு சீனியர். கொடுத்தேன், பலனில்லை. மேக்ஃபைல் உருவாக்க உதவும் ஆட்டோமேக்கோடு வரும் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்தான் அந்த மாறியைப் பார்க்கும். லினக்ஸில் இருக்கும் குனு இன்ஸ்டால் அதைச் சட்டையே செய்யாது. அதற்கு ஸ்ட்ரிப்-புரோகிராம் என்று தனி ஆப்ஷன் உண்டு. இது தெரிய இன்னும் அரை நாள் போனது. அதைச் சேர்த்ததும் வேலை நடந்தது. டூலும் நன்றாகச் சுருங்கியது. வெற்றி என்றே நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து, வாடிக்கையாளரிடம் இருந்த போர்டில் அதே டூல் கிராஷ் ஆனது. கிராஷ் நேரத்து நினைவக நகலான கோர் டம்ப் வந்தது. திறந்தால் வெறும் முகவரிகள். ஒரு ஃபங்ஷன் பெயர் இல்லை. உரிக்காத பைனரியை எங்கேயும் எடுத்துவைக்கவில்லை. அதே சோர்ஸை மறுபடி கம்பைல் செய்தேன். இடையில் டூல்செயின் மாறியிருந்ததால் முகவரிகள் பொருந்தவில்லை. அந்தப் பிழையைக் கடைசிவரை பிடிக்கவே முடியவில்லை. இன்றும் உறுத்துகிறது.

அப்புறம்தான் இன்ஸ்டாலையும் உரிப்பதையும் பிரித்தேன். இன்ஸ்டால் எதையும் உரிக்கக் கூடாது. போர்டில் ஏற்றும் இமேஜைக் கட்டுமுன், ஆப்ஜ்காப்பி என்ற கருவியால், பிழை தேட உதவும் டீபக் தகவலைத் தனிக் கோப்பாக எடுத்து, பைனரியின் அடையாள எண்ணான பில்ட் ஐடி பெயரில் சேமித்துவிட்டு, டூல்செயினுடைய ஸ்ட்ரிப்பால் உரிப்பேன். கர்னல் மாட்யூல் என்றால் டீபக் பகுதி மட்டும். சிம்பல் டேபிளும் போய்விட்டால் மாட்யூல் லோடே ஆகாது.

இப்போது இருப்பது யோக்டோவில். எம்பெடெட் லினக்ஸ் இமேஜ் கட்டும் அந்த பில்ட் சிஸ்டம், டீபக் தகவலை எடுத்துவைத்து உரிப்பதைத் தானே செய்யும். போன வாரம் ஒரு ஜூனியர் வந்து, "ஏற்கெனவே ஸ்ட்ரிப் ஆகிவிட்டது என்று எரர் வருகிறது சார். அந்தச் சோதனையைத் தவிர்க்கச் சொல்லும் இன்சேன் ஸ்கிப்பில் போட்டால் போய்விடும், போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், மேக்ஃபைலைத் திறங்கள் என்றேன். இந்த முறை மைனஸ் எஸ் இன்ஸ்டால் வரியில் இல்லை, லிங்கர் ஃப்ளாகில் ஒளிந்திருந்தது. ஒரு வரி பேட்ச் போட்டு எடுத்தோம்.