கெரடும் செரடும்

எண்பதுகளின் நடுவில் நம் விடுதியில் இருந்தவர்களுக்கு அந்த மொழி நினைவிருக்கும். எழுத்துக்கு எழுத்து முன்னால் 'க' போட்டுப் பேசுகிற 'க' பாஷை எல்லாப் பள்ளியிலும் உண்டு. நாங்கள் செய்தது அதுவல்ல. சொற்களையே புதிதாகக் கட்டினோம். நிலாவுக்குக் 'கிரடு', ஆற்றுக்குப் 'பமய்', இப்படி ஒரு நோட்டு நிறைய.

ஒருநாள் இரவுப் படிப்பு நேரத்தில் நோட்டு தமிழையாவிடம் சிக்கியது. கிழிப்பார் என்று பயந்தோம். அவர் பெஞ்சில் உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டு, "சரிடா, இந்த மொழி பேசுறவனோட பாட்டன் கிரடுங்கிறதை எப்படிச் சொல்லியிருப்பான்?" என்றார். சொற்களுக்குப் பாட்டன் பூட்டன் இருக்கும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பதில் தேட எங்களை மதுரைப் பேச்சிடம் அனுப்பினார் ஐயா. சிம்மக்கல் பழக்கடைகளில் 'வாளப்பளம்' கேட்டு வந்து சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். "கொச்சைன்னு சொல்றதுக்கு முன்னாடி, எங்கே மாறுது, எங்கே மாறலைன்னு பாருங்கடா" என்பார். பார்த்தோம். இடம் 'எடம்' ஆகிறது, விலை 'வெல' ஆகிறது, குடம் 'கொடம்', உலகம் 'ஒலகம்'. ஆனால் விதி, குடி என்பவை அப்படியே நிற்கின்றன. திட்டமும் 'தெட்டம்' ஆவதில்லை. அடுத்து வருவது ஒற்றை மெய்யாக இருந்து, அதன் மேல் அகரமோ ஐகாரமோ ஏறியிருந்தால்தான் முதல் உயிர் இறங்குகிறது. இன்னோர் ஒழுங்கு: படித்து 'படிச்சு' ஆகும், தெரிந்து 'தெரிஞ்சு' ஆகும், நடந்து மாறாது. முன்னால் இகரமோ ஐகாரமோ யகர மெய்யோ இருக்க வேண்டும். அவன்கள் 'அவய்ங்க' ஆவது நம் ஊர்க்காரர்களின் சொந்தச் சொத்து. இத்தனை ஒழுங்கும், எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தா வாயிலும் பிசகாமல் வருகிறது. பேச்சைக் கேட்டுக் கூசியவர்களுக்குப் பெருமைப்படக் கற்றுக்கொடுத்தவர் அவர். அதை நான் எந்த நாட்டில் இருந்தாலும் மறக்க மாட்டேன்.

இகரம் பக்கத்து மெய்யை மாற்றும் காரணத்தையும் வாயில் வைத்தே காட்டுவார். 'கூ' சொல்லு, அப்புறம் 'கீ' சொல்லு, நாக்கு எங்கே தொடுது? சொல்லிப் பாருங்கள்: 'கீ' சொல்லும்போது தொடும் இடம் முன்னால் நகர்ந்திருக்கும். இகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே எழும்பிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் சகரம். கன்னடத்தில் 'கிவி' என்பது நமக்குச் செவி. ஒலிகள் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் தொல்காப்பியப் பிறப்பியலை 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்று நாங்கள் ஒப்பித்துக்கொண்டிருந்தோம். ஐயாதான் அதை வாய்க்குள் கொண்டுவந்தார்.

அப்புறம் எங்கள் மொழிக்கு இரண்டு விதி வைத்தோம். ஒன்று, இகரத்துக்கு முன்னால் ககரம் சகரமாகும். இரண்டு, மதுரைப் பேச்சைப் போல இகரம் எகரமாக இறங்கும். எது முதலில் நடந்தது என்பதில்தான் பெரிய தகராறு. முதல் விதி முந்தினால் கிரடு 'சிரடு' ஆகி, பிறகு 'செரடு' ஆகும். இரண்டாவது முந்தினால் 'கெரடு' ஆகிவிடும். அப்போது சகரம் ஆவதற்கு அங்கே இகரமே இல்லை, ககரம் தப்பித்துக்கொள்ளும். நானும் என் அறைத்தோழனும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. ஐயா தீர்த்துவைத்தார்: "ரெண்டும் இருக்கட்டும். மலைக்காரன் கெரடுன்னு சொல்றான், ஆத்தங்கரைக்காரன் செரடுன்னு சொல்றான்." ஒரே நோட்டு அன்றைக்கு இரண்டு ஊராகப் பிரிந்தது.

மதுரைக்குப் பக்கத்து மாங்குளத்துக்குக் கூட்டிப்போனது அந்த வருடம்தான். மலையேறிக் கற்படுக்கைகளுக்கு மேல் வெட்டியிருந்த தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்துகளைப் பார்த்தோம். கி.மு. காலத்துக் கல்வெட்டு, நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. ஐயா தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்ததை வைத்து ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொடர்ந்தோம். 'கணிய்', 'வழுத்திய்' என்று கடைசியில் ஒரு யகர மெய். இன்று கணி, வழுதி என்றுதான் எழுதுவோம். மலையிறங்கும்போதே முடிவாகிவிட்டது: ஆற்றங்கரைக்காரர்கள் வாயில் கடைசி யகரம் உதிரும். பமய், 'பம' ஆனது.

பின்னாளில்தான் இதை வாழ்நாள் வேலையாகச் செய்தவர்களைப் பற்றிப் படித்தேன். ஆங்கில நாவலாசிரியர் டோல்கீன் ஒரு பழைய மொழியைக் கற்பனை செய்துகொண்டு, அதிலிருந்து ஒலிமாற்றங்கள் வழியாகக் குவென்யா, சிண்டரின் என்று உறவு மொழிகளை இறக்கினார். நிலாவுக்கு ஒன்றில் 'இசில்', மற்றதில் 'இத்தில்'. பல்லில் நாக்கு வைத்து ஊதும் பழைய ஒலியைச் சிண்டரின் காத்தது, குவென்யா சகரமாக்கிக்கொண்டது. படித்தபோது எங்கள் நிலாதான் கண்முன் வந்தது. இதற்கு நேரெதிர், எல்லா நாட்டாருக்கும் பொதுமொழியாகச் சாமன்ஹாஃப் உருவாக்கி 1887இல் வெளியிட்ட எஸ்பெராண்டோ. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில். 1905இல் அடிப்படை விதிகள் மாற்றக்கூடாதவை என்றே முடிவாயிற்று. அப்படியும் தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலி பல சொற்களில் ககரத்துக்கு இடம் விட்டுவிட்டது. மக்கள் பேசத் தொடங்கினால் மொழி நகரத்தான் செய்யும். ஐயா இதைக் கேட்டிருந்தால் எந்த இடத்தில் மாறியது, எந்த இடத்தில் மாறவில்லை என்று உடனே கேட்டிருப்பார்.

ஆற்றங்கரைச் சொற்கள் பாதிக்கு மேல் என்னிடம் இருக்கின்றன. மலைக்காரர் பட்டியல் வைத்திருந்த தோழர்கள் யாராவது இந்த மலரைப் படித்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். மழைக்கு நீங்கள் என்ன வைத்திருந்தீர்கள் என்பது எனக்கு அவசியம் தெரிய வேண்டும்.