ஒரே மணிக்கட்டுப் பூட்டு, இரு கலைகள்

கொரியத் தற்காப்புக் கலையான ஹாப்கிடோவைச் சில ஆண்டுகள் பயின்றுவிட்டு, ஜப்பானிய மற்போர்க் கலையான ஜுஜுட்சு வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, எனக்குப் பழகிய பூட்டு (மூட்டைத் திருகி அடக்கும் பிடி) ஒன்றை அங்கே வேறு பெயரில் கண்டேன். எதிராளியின் புறங்கையில் கட்டைவிரலைப் பதித்து, மணிக்கட்டை வெளிப்பக்கமாகத் திருகி வீழ்த்தும் அதனை ஜப்பானியர் 'கோத்தே காயேஷி' என்பர். 1945க்குப் பின் ஜப்பானிலிருந்து கொரியா திரும்பி டேகு நகரில் கற்பித்த, ஹாப்கிடோவின் மூலவரான சோய் யோங்-சுல், ஜப்பானிய ஆசான் தக்கேடா சோகாகுவிடம் தைதோ-ரியூ ஐக்கி-ஜுஜுட்சு என்னும் ஜுஜுட்சு மரபைப் பயின்றதாகக் கூறிவந்தார். இதற்கு எழுத்துச் சான்று இல்லையென மறுப்போர் உண்டு. பூட்டுகளைப் பார்த்த எனக்கோ உறவு ஐயமின்றித் தெரிகிறது.

பூட்டுக்கு முன்னும் பின்னும் நடப்பவைதான் வேறு. ஹாப்கிடோவில் கையைப் பற்றியவுடன் விரல்களை விரித்து, பற்றியவரின் கட்டைவிரல் பக்கம் இருக்கும் இடைவெளியை நோக்கித் திருப்பி, வட்டமாக விலகி நின்று, அவர் தந்த விசையையே அவர்மீது செலுத்துகிறோம். தொலைவிலிருந்து வருபவருக்கு உதை காத்திருக்கும். சோயின் மாணவர் ஜி ஹான்-ஜே போன்றோர் உதைகளை வளர்த்ததால் இக்கலைக்கு நெடுந்தொலைவிலும் ஆயுதம் உண்டு.

ஜப்பானிய ஜூடோ வீரர் மாயேதா மிட்சுயோ 1914இல் பிரேசிலுக்குக் கொண்டுசென்ற மரபிலிருந்து வளர்ந்த பிரேசிலிய ஜுஜுட்சுவோ தொலைவையே விரும்புவதில்லை. ஒட்டிப் பிடித்து, தரைக்கு இழுத்து, மல்லாந்து கிடந்தபடியே கால்களால் எதிராளியின் இடுப்பை வளைத்துக்கொண்டு போரிடக் கற்பிக்கிறது. அங்கே முழங்கை நெம்பப்படும்போது நெம்புகோலின் தாங்குபுள்ளியாக இருப்பது இடுப்பு. ஒரு கைக்கு எதிராக உடல் முழுவதும் வேலை செய்கிறது. நின்றபடி போடும் மணிக்கட்டுப் பூட்டில் அந்த வசதி கிடையாது. எதிர்க்காத துணைவரிடம் அழகாக வாய்த்த என் பூட்டு, கட்டற்ற பயிற்சியில் எதிராளி முழங்கையை மடக்கித் தன் மார்போடு இழுத்துக்கொண்ட நொடியில் கரைந்துபோனது. (அன்று மூன்று முறை தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினேன்.)

அதற்காக ஹாப்கிடோவைக் குறைவாக மதிப்பிட மாட்டேன். எதிரே இருவர் நிற்கும்போது ஒருவரோடு தரையில் புரள்வது அறிவுடைமை ஆகாது. காலூன்றி நிற்கும் பழக்கம் அங்கேதான் உதவும். இப்போது எதிராளி விழுந்த பின்பும் நான் மணிக்கட்டை விடுவதில்லை. அவரைக் குப்புறப் புரட்டி, தோளில் முழங்காலை ஊன்றிய பிறகே பிடியைத் தளர்த்துகிறேன்.