வள்ளியின் வலது கண்

ஜூலை 3, திங்கள்

தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றும்போதுதான் கவனித்தேன். தம்பியின் பாம்பு வள்ளியின் வயிறு ரோஜா நிறமாகியிருக்கிறது. முதுகில் கறுப்பும் தேன்நிறமும் மங்கிப்போய், மேலே சாம்பல் தூவிய மாதிரி இருக்கிறது. தம்பியின் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'வயிறு சிவந்தால் சட்டை உரிக்கப் போகிறாள். எலி வேண்டாம். கையில் எடுக்காதே. ஈரம் குறையவே கூடாது.' கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

நேற்று உறைந்த எலியை வெந்நீரில் உருக்கி இடுக்கியில் நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் சூடு போதவில்லையோ, இடுக்கியை ஆட்டிவிட்டேனோ என்று ராத்திரி பூராவும் புரண்டுகொண்டிருந்தேன். ஒருமுறை உருகிய எலியைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டாயிற்று.

ஜூலை 4

பெட்டிக்குள் ஈரம் 62 சதவீதம்.

ஜூலை 5, புதன்

ஆஸ்பத்திரியில் மூன்று மணிக்கு உள்ளே விட்டார்கள். தம்பி உதட்டை நனைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "ஈரம் எவ்வளவுக்கா?" அறுபதுக்கு மேல் என்றேன். கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லையாம். ரசம் கொண்டுபோயிருந்தேன், இரண்டு கரண்டிதான் இறங்கியது. நாலு மணிக்கு எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 7, வெள்ளி

கண் நீலமாகிவிட்டது. பால் கலந்த நீலம், உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணுக்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரே ஒரு செதில்தான். அதுவும் சட்டையோடு சேர்ந்து கழல வேண்டும். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே நீர் ஊறுவதால்தான் இந்த நிறமாம். இப்போது அவளுக்குப் பார்வை மங்கல். கதவு திறக்கும் சத்தத்துக்கே கழுத்தை இழுத்துக்கொள்கிறாள். என் கை வருவது அவளுக்கு என்னவாகத் தெரியும்?

பக்கத்து வீட்டு ஆயா சின்ன டம்ளரில் பால் கொண்டுவந்தார். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் இந்த சாட்ஸ்வொர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர், வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றுக்குப் பால் வார்ப்பவர். பாம்புக்குப் பால் செரிக்காது, தண்ணீர்தான் குடிக்கும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கி, சாமி விளக்குக்கு முன்னால் வைத்தேன். "உன் தம்பி பேர் சொல்லி விளக்கேத்து மா" என்றார். ஏற்றினேன்.

ஜூலை 8

போன முறை அந்தக் கண்ணாடிச் செதில் கழலாமல் ஒட்டிக்கொண்டது வலது கண்ணில்தான். நோட்டில் தேதியோடு எழுதியிருக்கிறான்.

ஜூலை 10, திங்கள்

விடிந்ததிலிருந்து பெர்க் காற்று. டிராக்கன்ஸ்பெர்க் மலையிலிருந்து இறங்கி வருகிற இந்தக் காற்றுக்கு ஈரமே கிடையாது. குளிர்காலத்தின் நடுவில் திடீரென்று சித்திரை வெயில் மாதிரி அனல். கொடியில் போட்ட துணி அரை மணியில் மொறமொறத்துவிட்டது. எனக்கே உதடு வெடித்தது. பெட்டிக்குள் ஈரம் 38.

பாசியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து அவள் ஒளிகிற டப்பாவுக்குள் திணித்தேன். மேல்வலையில் முக்கால் பங்கை ஈரத் துண்டால் மூடினேன். சுவரில் தண்ணீர் தெளித்தேன், அவள் மேல் படாமல். மத்தியானத்துக்குள் 55. ராத்திரி எட்டு மணிக்கு லோட்ஷெடிங், முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது. காற்றும் நின்று குளிர் இறங்கிவிட்டது. பெட்டியின் சூடு பாய் அணைந்தால் 31 டிகிரியில் இருந்தது மளமளவென்று இறங்கும். சூடும் இல்லாமல் ஈரம் மட்டும் இருந்தால் சளி பிடிக்கும் என்பது நோட்டின் நாலாம் பக்கம். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே சாய்த்து வைத்து, டார்ச்சோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் கரண்ட் வந்தது. 28க்குக் கீழே இறங்கவில்லை. இதை அவனிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 11

கண் தெளிந்துவிட்டது! இரண்டும். சட்டை மட்டும் இன்னும் உரியவில்லை. தெளிந்தபிறகும் மூன்று நாலு நாள் ஆகும் என்று எழுதியிருக்கிறான்.

ஜூலை 13, வியாழன்

தம்பியைப் பற்றி இன்று சொல்வதாகச் சொன்ன டாக்டர் அடுத்த வியாழன் என்றுவிட்டார். தாழ்வாரத்தில் நிற்க வைத்தே சொன்னார். வீட்டுக்கு வந்து ஈரம் பார்த்தேன், 66. அப்புறம் சமைக்கவில்லை.

ஜூலை 14

இல்லை.

ஜூலை 15, சனி

பின்னிரவு மூன்று மணிக்கு உரசுகிற சத்தம். மூக்கை மரக்கட்டையில் தேய்த்துத் தேய்த்து உதட்டோரம் கிழித்துவிட்டிருந்தாள். கிட்டப் போகாமல் தரையில் உட்கார்ந்தே பார்த்தேன். காலுறையைக் கழற்றுகிற மாதிரி உள்பக்கம் வெளியே வர, ஒரே துண்டாக உரிய வேண்டும். முதல் ஒரு சாண் அப்படித்தான் வந்தது. பிறகு கிழிந்துவிட்டது. எல்லாம் அந்தக் காற்றால். விடியும்போது ஐந்து துண்டு. வெங்காயச் சருகு மாதிரி, ஆனால் ஈரமாக, ஒவ்வொரு செதிலும் அச்சாக.

தலைத் துண்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். இடது கண் இருக்கிறது, சின்னக் கண்ணாடி வட்டமாக. வலது பக்கம் ஓட்டை.

மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டைதான்.

ஜூலை 16, ஞாயிறு

நகத்தால் நெம்பக் கூடாது, இடுக்கி கிட்டவே போகக் கூடாது. கீழே இருக்கும் கண்ணே போய்விடும். மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பழைய துவர்த்துத் துண்டைப் பரப்பினேன். இரண்டு வாரம் கழித்து இன்றுதான் அவளைத் தூக்குகிறேன். புதுத் தோல் உள்ளங்கையில் அவ்வளவு வழவழப்பு. 1,400 கிராம் பாரமும் என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு, நாக்கால் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுதுவிட்டேன்.

அரை மணி நேரம். வால் நுனியில் வளையமாக ஒட்டியிருந்தது கழன்றது. அதை விட்டிருந்தால் இறுகி ரத்தம் ஓடாமல் நுனி கருகிவிடும். கண் அப்படியே இருக்கிறது, ஓரத்தில் ஒரு மடிப்பு.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்தது. கோயிலில் கூழ். ஆயா ஒரு தூக்கு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். உரிந்த துண்டுகளைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார்.

இன்று மறுபடி அரை மணி. இல்லை.

ஜூலை 18

துவர்த்தின் மடிப்புக்குள் அவளே நுழைந்து நுழைந்து வெளியே வந்தாள். மூன்றாம் முறை தலை வெளியே வந்தபோது வலது கண்ணில் கறுப்பு பளிச்சென்று தெரிந்தது. துவர்த்தை மூலை மூலையாகத் தடவித் தேடினேன். கிடைத்தது, துவரம்பருப்பு அளவுகூட இல்லை.

ஜூலை 19, புதன்

கண் வட்டத்தை நோட்டில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினேன். நோட்டைக் கொண்டுபோகப் போகிறேன், உள்ளே விடாவிட்டால் முந்தானைக்குள் வைத்தாவது. எலி ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட்டது. நாளை சாயங்காலம் வெந்நீர்.

நாளை வியாழன்.