கோட்டை விட்ட ரோபோ

நவம்பர் 3
புது ரோபோ இன்று முதல்முறை கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓடியது. இந்த முறை ரோபோவின் மூளையான போர்டு ஆர்டுயினோ ஊனோ, புரோகிராம் மட்டும் போன வருடத்தது. இரண்டு சுற்று அழகாக ஓடிவிட்டு மூன்றாவதில் திடீரென்று இடமும் வலமுமாக உதறி, கோட்டை விட்டு நேராகச் சுவரில் போய் முட்டியது. சென்சாரில் தூசி இருக்கும் என்று துடைத்துவிட்டுக் கிளம்பினோம்.

நவம்பர் 4
தூசி இல்லை. பேட்டரியும் இல்லை, முழு சார்ஜிலும் அதே உதறல். நான் பிஐடி எண்களில் கைவைத்தேன் (கோட்டிலிருந்து விலகினால் எவ்வளவு திருப்புவது என்று முடிவு செய்பவை: பி இப்போதைய விலகலுக்கு, ஐ இதுவரை சேர்ந்த விலகலுக்கு, டி விலகல் மாறும் வேகத்துக்கு), பி-யைக் குறைத்து டி-யைக் கூட்டி, மாலைக்குள் ஒழுங்காக இருந்த முதல் இரண்டு சுற்றும் கெட்டது. பழைய எண்களை எங்கேயும் குறித்து வைக்கவில்லை, என்னைத்தான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 6
கம்ப்யூட்டர் கேபிளைச் செருகி, போர்டு அனுப்புவதைத் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்தால் ரோபோ சாதுவாகிவிடுகிறது. அரை நிமிடம் பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்று கழற்றிவிடுகிறோம். வயரிங் பார்க்கும் நண்பன் போனில் நேரம் எடுத்தான்: ஸ்டார்ட் பட்டனிலிருந்து உதறல் வரை 19 விநாடி, அப்புறம் 27, அப்புறம் 12. ஒன்றும் பிடிபடவில்லை.

நவம்பர் 7
பட்டனை விட்டுவிட்டு, பவர் சுவிட்ச் போட்டதிலிருந்து எண்ணினோம். 33, 33, 33!

புரோகிராமில் நேரம் சொல்லும் மில்லிஸ் ஃபங்ஷன், போர்டுக்கு உயிர் வந்த நொடியிலிருந்து மில்லிசெகண்டுகளை எண்ணுகிறது. பிஐடி கணக்கை 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை போட வேண்டும் என்பதற்காகக் கடைசியாகப் போட்ட நேரத்தை ஒரு வேரியபிளில் வைத்திருந்தோம், அது வெறும் இன்ட், அதாவது சாதாரண முழு எண் வகை. போன வருட போர்டில் இன்ட் 4 பைட், ஊனோவில் 2 பைட்தான், அதில் அடங்கும் பெரிய எண் 32767, மில்லிசெகண்டில் அது கிட்டத்தட்ட 33 விநாடி. அதைத் தாண்டியதும் மைனஸுக்குப் போய்விடுகிறது, அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் 20 ஆகிவிட்டது என்றே பதில், கணக்கு மூச்சு விடாமல் ஓடுகிறது, ஐ பகுதி மளமளவென்று ஏறுகிறது, ரோபோ உதறுகிறது. மானிட்டரைத் திறக்கும்போது ஊனோ ரீசெட் ஆகும், எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். அந்தச் சாதுத்தனம் அதனால் வந்ததுதான்.

இன்ட்-ஐ அடித்துவிட்டு, மைனஸே இல்லாத பெரிய எண் வகையான அன்சைன்டு லாங் என்று போட்டேன். நாலு நாள் தேடியதற்கு ஒரே வரி.

நவம்பர் 8
பத்து நிமிடம் நிறுத்தாமல் ஓடியது, உதறல் இல்லை. ஆனால் வளைவில் சோம்பலாகத் திரும்புகிறது, 4ஆம் தேதி நான் கெடுத்த எண்கள். நாளை பி-யிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நோட்டும் பேனாவுமாக.