காதுல விழுறத எழுதி வைங்க

கதை எழுதுறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது, எழுதினத வாய்விட்டு படிங்க. போன மாசம் ஒரு கதைய அப்படி படிச்சப்பதான் அதுல வர்ற ஆச்சி "நான் மிகவும் களைப்பாக இருக்கிறேன்"னு நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசுறது உறைச்சுது, எங்க ஆச்சி ஒருநாளும் அப்படி பேசுனதில்ல, "கையி காலெல்லாம் ஓய்ஞ்சு போச்சுய்யா"ன்னுதான் சொல்லும், அந்த ஒரு வரிய மாத்தினதும் கதைக்கே உயிர் வந்துருச்சு.

அதுலருந்து பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு. பஸ்ல, டீக்கடைல காதுல விழுற பேச்ச அப்பவே எழுதிக்கிறேன், ராத்திரி வரைக்கும் விட்டா நம்ம மனசே அத திருத்தி எழுத்துத் தமிழாக்கிடுது. நேத்து கோவில்பட்டி பஸ்ல ஒரு அம்மா, மழை வருமான்னு கேட்டதுக்கு "வானம் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கு, பாப்போம்"னாங்க. இதெல்லாம் உக்காந்து யோசிச்சா வருமா?

எழுத்தாளர் கி.ராஜநாராயணன், கோவில்பட்டி சுத்துவட்டார கரிசக்காட்டு ஜனங்க பேசுற சொல்லையெல்லாம் சேத்து 1982ல அகராதியே கொண்டு வந்தாரு, ஒவ்வொரு சொல்லா சேக்க எவ்ளோ பொறுமை வேணும்!

காலைல 6 மணிக்கு அரை மணி நேரம், போன் வேற ரூம்ல, நோட்டுல இருந்து ஒரு வரிய எடுத்து அத யாரு யார்கிட்ட சொல்லிருப்பாங்கன்னு எழுதிப் பாக்கிறேன். இன்னைக்கு அந்த மழை வரி.