குப்பமேட்டுக்குப் பக்கத்துத் தெரு: நாட்குறிப்பு, கொடுங்கையூர்

ஜூன் 8, 2025, ஞாயிறு

காலையில் குப்பை வண்டி ஓட்டி வரும் அம்மா இடது கையில் துணி சுற்றியிருந்தார். "என்னாச்சும்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல பாப்பா. நேத்து யாரோ உடைஞ்ச கிளாஸை சோத்தோட கட்டிப் போட்டிருக்காங்க. கையை உட்டேன், கிழிச்சிடுச்சு."

வண்டி தெரு முனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி பையன் உடைத்த கண்ணாடி டம்ளர். பெருக்கி வாரி, மிச்சமிருந்த ரசம் சாதத்தோடு கறுப்புக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டது நான். அந்த யாரோ நான்தான். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 11

பெரம்பூரில் இரண்டு பிளாஸ்டிக் தொட்டி வாங்கினேன். ஒன்றில் மக்கும் குப்பை, ஒன்றில் மக்காத குப்பை. பழைய ஷூ டப்பா ஒன்று பிளேடு, பேட்டரி, காலாவதியான மாத்திரைக்கு. இப்படி மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. ஒன்பது வருடமாகத் தெரிந்தும் செய்யாத ஆள் நான்.

மாமியார்: "சோத்துக்கு ஒரு பானை, குப்பைக்கு மூணு தொட்டி. நல்லாருக்குடி உங்க குடித்தனம்."

ஜூன் 22, ஞாயிறு

இன்று பதினோரு வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்று வீட்டில் காபி கிடைத்தது. ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. கோடி வீட்டு அண்ணன் மட்டும் முகத்துக்கு நேரே கேட்டார்: "எதிர்ல மலை மாதிரி ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக் கெடக்கு. நம்ம ஒரு கவர்ல இன்னா ஆவப் போவுது?"

பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தேன். அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. தென்சென்னைக் குப்பை பெருங்குடிக்குப் போகும், வடக்குப் பக்கத்து மண்டலங்களின் குப்பை நம் தலையில் விழும். மேடு மட்டும் சுமார் 340 ஏக்கர். பழைய குப்பையே 66 லட்சம் டன் என்று கணக்கெடுத்து, தோண்டிச் சலித்துப் பிரிக்கிற வேலை நடக்கிறது. அங்கே குப்பையை எரிக்கிற உலை வேண்டாம் என்று போன மாதம் ஜனங்கள் கைகோத்து நின்றார்களே, அன்றைக்கு நான் மெஷினில் உட்கார்ந்து பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இருந்துவிட்டு இப்போது கதவு தட்டினால் யார் கேட்பார்கள்?

ஆனால் ராத்திரி புகை வாடைக்கு ஜன்னலைச் சாத்தும்போது ஒன்று தோன்றியது. மேடு பற்றிக்கொள்வதற்குக் காரணமே நம்முடைய சாதமும் வாழைப்பழத் தோலும்தான். ஈரக் குப்பை காற்றுப்படாமல் அடியில் புதைந்தால் மீத்தேன் உண்டாகிறது. வெயில் காலத்தில் அதில் நெருப்பு பிடித்தால் நாள் கணக்கில் புகையும். என் வீட்டுச் சாதம் அங்கே போகாமல் இருந்தால் என் பங்குப் புகையாவது குறையும். அண்ணனிடம் இதைச் சொல்லப் போவதில்லை. பேச்சை விட்டுவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட். பையன் கம்பியைச் சூடு காட்டிப் பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை போட்டான். அடியில் தேங்காய் நார், அதன் மேல் காய்கறித் தோல், அதன் மேல் காய்ந்த இலைச் சருகு. ஒரு பங்கு ஈரத்துக்கு இரண்டு பங்கு காய்ந்தது இருந்தால் நாற்றம் வராதாம். மேலே ஒரு கரண்டி புளித்த மோர். மொட்டை மாடியில் தண்ணித் தொட்டி நிழலில் வைத்தாயிற்று.

ஜூலை 14

பெரிய பேஜார். நேற்று காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கி வந்தோம். தலை, குடல், செதில் எல்லாவற்றையும் ஆசையாகப் பக்கெட்டில் போட்டுவிட்டேன். காலையில் பக்கெட் கவிழ்ந்து கிடக்கிறது, மூடியில் கடித்த தடம். பெருச்சாளியா பூனையா தெரியவில்லை. மாடி முழுக்க நாற்றம், பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணியில் செதில். பக்கத்து வீட்டு அக்கா கத்தியதை எழுத முடியாது. அவர் புடவையைத் துவைத்துக் கொடுத்தேன்.

இனி மீன் கழிவு வண்டிக்குத்தான்.

ஜூலை 29

பக்கெட்டில் பழுப்பு நிறத்தில் குண்டு குண்டாகப் புழு. கொட்டிவிடலாம் என்று தூக்கினேன். விசாரித்தால், அது கெடுதல் இல்லையாம், கழிவைத் தின்று சீக்கிரம் மக்க வைக்குமாம். சருகை இன்னும் இரண்டு கை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூடினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏழு வாரம். சலித்தால் கறுப்பாக, காபித்தூள் மாதிரி உதிர்கிறது. மழை பெய்த மண் வாசனை. பக்கெட் நிறையப் போட்டது இரண்டு படிக்கு வந்து நிற்கிறது.

மாமியார் ஒன்றும் பேசாமல் ஒரு படியை அள்ளிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டார். சாயந்திரம் வாசலில் அவர் குரல்: "கடையில காசு குடுத்து வாங்குறாங்க. நம்ம வூட்ல நாங்களே பண்றோம்." நாங்களேவாம்!

செப்டம்பர் 10

மாமியார் பேச்சுக்கு நான்கு பக்கெட் கிடைத்திருக்கிறது. அதில் ஒன்று, அந்தப் புடவை அக்கா வீட்டில்.

முனை பிரியாணிக் கடை பாய் சிலேட்டில் எழுதி மாட்டியிருக்கிறார்: "பாத்திரம் கொண்டு வந்தால் ஒரு முட்டை இலவசம்." 2019-லேயே அரசு கேரி பேக்கைத் தடை செய்தது, 2021-இல் மீண்டும் மஞ்சப்பை என்று இயக்கமே வந்தது. எங்கள் தெருவில் ஒரு முட்டைக்குத்தான் தூக்குச்சட்டி பரணிலிருந்து இறங்கியது. பாய்க்குச் சுற்றுச்சூழல் கவலையெல்லாம் கிடையாது, டப்பா விலை ஏறிவிட்டதாம். இருந்துவிட்டுப் போகட்டும். நானும் பிளவுஸ் வெட்டு மிச்சத்தில் பை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு பைக்கு பத்து ரூபாய். சும்மா கொடுத்தால் கால்மிதி ஆகிவிடும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று வண்டிக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அந்த கிளாஸ் நான் போட்டதும்மா."

அவர் பச்சைத் தொட்டியைத் தட்டிக் கவிழ்த்துக்கொண்டே சிரித்தார். "தெரியும் பாப்பா. எந்த வூட்டு முடிச்சுன்னு எனக்குத் தெரியாதா? அதான் உன்கிட்ட சொன்னேன்."

தழும்பு கட்டை விரல் அடியில் ஆரம்பித்து மணிக்கட்டு வரை வெள்ளையாக ஓடுகிறது. கையுறை கேட்டிருக்கிறாராம், வந்தது அளவு சேரவில்லையாம். நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 22

இரண்டு நாளாக மழை. கேப்டன் காட்டன் கால்வாயில் தண்ணீர் விளிம்பு வரை நிற்கிறது. பாலத்தடியில் தெர்மாகோலும் பாட்டிலும் அடைத்துக்கொண்டு மெத்தை மாதிரி மிதக்கின்றன. எங்கள் பக்கெட்டிலும் தண்ணீர் இறங்கி அழுகல் வாடை. புடவை அக்கா மகள் நனைந்தபடி வந்து நின்றாள்: "அத்தை, எங்களதும் நாறுது. காஞ்ச சருகு இருக்கா?" மழையில் சருகுக்கு எங்கே போவது? பழைய பேப்பரைக் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம்.

நவம்பர் 2, ஞாயிறு

தெருவில் இருபத்தாறு வீடு. பிரித்துக் கொடுப்பது பதினேழு. நான்கு வீடு மனசிருந்தால் கொடுக்கும். மற்றவர்கள் கறுப்புக் கவர்தான்.

கோடி வீட்டு அண்ணன் இன்னும் பிரிப்பதில்லை. இன்று காலை வண்டி வரும் முன் அவர் வீட்டு கேட் கம்பியில் ஒரு பொட்டலம் தொங்கியது. தினத்தாளில் நான்கு சுற்று, மேலே சணல் கட்டு. சிவப்பு ஸ்கெட்ச்சில் பெரிதாக எழுதியிருந்தார்: "கன்னாடி. கை பத்தரம்."

வண்டிக்கார அம்மா அதை இரண்டு கையாலும் எடுத்துத் தனியாக வைத்தார்.