எஸ்டேட் பங்களா அலமாரியில் கிடக்கும் வெப்ளி

வெப்ளி என்பது பழைய பிரிட்டிஷ் ரிவால்வர். அதைக் கையில் எடுக்குமுன் முதலில் லைசென்ஸ். அடுத்து, குழல் முனையைத் தரைப்பக்கம் வைத்து, மடக்கித் திறந்து, 6 அறையும் காலியா என்று பாருங்கள்.

வெப்ளி மார்க் 6 வந்தது 1915-இல். குழல் 6 அங்குலம். குழல், சிலிண்டர், பிரேம் மூன்றிலும் வரிசை எண் ஒத்துப்போக வேண்டும். ராணுவத்துக்குப் போனதில் பெரும்பாலும் அம்புக்குறியும் ஆண்டும் குத்தியிருக்கும்.

பளபளப்பில் மயங்காதீர்கள். துருக்குழிக்கு உள்ளேயும் நீலப்பூச்சு இருந்தால் அது பிறகு ஏற்றிய பூச்சு. எழுத்தின் ஓரம் மழுங்கியிருப்பதும் மெருகு போட்ட வேலைதான். திருகுத் தலை சிதைந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள். சிலிண்டரின் பின்முகம் கடைந்திருந்தால் .45 ஏசிபி என்ற அமெரிக்க பிஸ்டல் தோட்டாவுக்காக மாற்றியது, மதிப்பு விழும்.

வரிசை எண்ணை ராவி எடுத்ததா? தொடவே தொடாதீர்கள், 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

குன்னூர் மஞ்சில் தோலுறைக்குள் வைத்தால் ஈரம் தங்கித் துரு பிடிக்கும். எண்ணெய் தடவி வெளியே வையுங்கள், பூட்டுக்குள்.